பட்டறை கேள்வி-பதில்: துப்பாக்கி வேலைக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிகள்

சென்ற இதழில் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டையைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயம்தான். பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் வாசகர்கள், சொந்தத் துப்பாக்கியைத் தாங்களே கழற்றிப் பார்த்து, துடைத்து, மெருகேற்றிப் பழகுகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: இதற்கென்று விற்கும் கருவிகள் விலை அதிகமாக இருக்கின்றன, எதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம்? சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது பராமரிப்பு, மர வேலை, மெருகு, இவற்றுக்கான கருவிகளைப் பற்றி. துப்பாக்கி செய்வதைப் பற்றி அல்ல. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அமெரிக்காவில் தன் துப்பாக்கியைத் தானே பழுது பார்க்க மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை, ஆனால் மற்றவர்களுக்கு அதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் மாறும். அப்புறம், வேலை செய்யும் மேசை இருக்கிற அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கேள்வி (ஹூஸ்டன் வாசகர்): ஐயா, வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். பூட்டை (சுடும் விசையமைப்பு இருக்கும் பகுதியை) கழற்றலாம் என்று ஸ்குரூவில் கை வைத்தேன், ஸ்குரூ டிரைவர் வழுக்கி, ஸ்குரூவின் தலை சிதைந்து, பக்கத்து உலோகத்திலும் கீறல் விழுந்துவிட்டது. நல்ல ஸ்குரூ டிரைவர் செட் எது? நானே செய்ய முடியுமா?

பதில்: முடியும். நான் சொல்வதானால், முதலில் செய்ய வேண்டிய கருவியே அதுதான்.

கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்குரூ டிரைவரின் முனையைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், ஆப்பு மாதிரி மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். ஸ்குரூவின் பிளவோ இரு சுவரும் நேராக நிற்கும் பள்ளம். அதற்குள் ஆப்பை இறக்கினால் பிளவின் மேல் விளிம்பில் மட்டும்தான் தொடும், அடியில் காற்று. அழுத்தித் திருப்பும்போது மொத்த விசையும் அந்த மெல்லிய விளிம்பில் இறங்கி, முனை தானாகவே மேலே ஏறி வெளியே வழுக்குகிறது. உங்கள் கையில் குறை இல்லை, முனையின் வடிவத்தில்தான் குறை.

துப்பாக்கி வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் ஸ்குரூ டிரைவரில் முனையின் இரண்டு முகமும் இணையாக இருக்கும், அல்லது நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அதனால் பிளவின் அடிவரை இறங்கிச் சுவர் முழுவதையும் தொட்டுக்கொண்டு நிற்கும். லண்டனில் செய்த பழைய உயர்ரகத் துப்பாக்கிகளில் ஸ்குரூவின் பிளவு மிகவும் ஒடுக்கம், எல்லாப் பிளவும் குழலின் திசையிலேயே நேர்கோட்டில் நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். அதில் ஒன்றைச் சிதைத்தால்கூட பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த வேலைக்காரர்கள் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஏற்றபடி முனையைத் தாங்களே தீட்டி வைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள்.

எளிய வழி இது. பழைய, நல்ல எஃகில் செய்த ஸ்குரூ டிரைவர்கள் நாலைந்து பழைய சாமான் கடையில் வாங்குங்கள். பெஞ்ச் கிரைண்டரின் சக்கரத்துக்கு நேராக, முனை மேலே பார்க்க, சக்கரத்தின் வளைவு முனைக்குச் சற்றுக் கீழே குழியைத் தோண்டும்படி பிடியுங்கள். ஒரு பக்கம் இரண்டு தொடல், மறு பக்கம் இரண்டு தொடல், உடனே தண்ணீரில் முக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைய வேண்டும், இல்லாவிட்டால் முனை நடுக்கோட்டை விட்டு விலகிவிடும். முக்க மறந்து முனை நீலத்தையும் தாண்டிச் சூடாகிவிட்டால் தோய்ச்சல் போய் எஃகு மெத்தென்று ஆகிவிடும், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். கடைசித் தொடலை கிரைண்டரில் செய்யாதீர்கள். சாணைக்கல்லிலோ சிறிய அரத்திலோ செய்து, நொடிக்கு நொடி பிளவில் வைத்துப் பாருங்கள்.

அளவு எப்படி இருக்க வேண்டும் என்றால், முனையின் தடிமன் பிளவை ஆட்டம் இல்லாமல் நிரப்ப வேண்டும், அகலம் ஸ்குரூ தலையின் முழு அகலத்துக்கு வர வேண்டும், ஆனால் ஒரு மயிரிழைகூட வெளியே நீளக்கூடாது, நீண்டால் தலை பதிந்திருக்கும் குழியின் ஓரத்தை உழுதுவிடும். முனையின் அடி தட்டையாகவும் மூலைகள் கூராகவும் இருக்கட்டும். பிளவின் அகலத்தை அளக்க ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும்.

எஃகுக் கம்பியிலிருந்தே செய்ய ஆசையிருந்தால், அமெரிக்காவில் ட்ரில் ராடு என்ற பெயரில் ஓ-1 எஃகு கிடைக்கும், இங்கிலாந்திலும் இந்தியாவிலும் சில்வர் ஸ்டீல் என்று கேட்டு வாங்கலாம். வாங்கும்போது மென்மையாக இருக்கும், அரத்தால் அழகாக வடிவம் கொடுக்கலாம். பிறகு முனையைச் செந்நிறமாகக் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாமல் போகும் இடம் ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ், அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம், 800 டிகிரி வாக்கில், ஓ-1 கடினமாகத் தயாராகிவிடும். வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில், மூடி கைக்கெட்டும் இடத்தில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அணையுங்கள், தண்ணீரை ஊற்றவே கூடாது. சில்வர் ஸ்டீலாக இருந்தால் தண்ணீரில் தோய்க்க வேண்டும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் இந்த நிலையில் அது கண்ணாடி, திருப்பினால் உடையும். அதனால் முனையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, தண்டுப் பக்கமிருந்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். வெளிர் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் முனையை நோக்கி நகரும். ஸ்குரூ டிரைவருக்கு ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடையில், 290 டிகிரி சுற்றுவட்டாரத்தில், முனை வந்ததும் நிறுத்துங்கள். வளையவும் செய்யாது, தெறிக்கவும் செய்யாது.

இனி உங்கள் சிதைந்த ஸ்குரூ. ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். தலை மேலே வந்திருக்கும் பிசிறைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள், அரத்தால் எடுத்துவிடாதீர்கள், அந்த உலோகம் பிளவுக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் டிரில் பிரஸ் இருக்கிறதா? அதன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, நீங்கள் தீட்டிய முனையைச் சக்கில் மாட்டி, துப்பாக்கிப் பாகத்தை மேசையில் அசையாமல் பிடித்து, கைப்பிடியால் முனையைப் பிளவுக்குள் அழுத்திக்கொண்டே சக்கைக் கையால் திருப்புங்கள். மேலே ஏறி வழுக்க அதற்கு வழியே இல்லை. காசு செலவில்லாமல் கிடைக்கும் மிக நல்ல கருவி இது.

செட் வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். 1939-ல் அயோவா மாநிலத்தின் மான்டசூமா என்ற சிற்றூரில் தொடங்கிய பிரவுனெல்ஸ் நிறுவனம் இதற்கென்றே முனை மாற்றும் செட்டுகளை விற்கிறது, நல்லவைதான், வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அதையும் உங்கள் ஸ்குரூவுக்கு ஏற்றபடி தீட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் முதலில் பழைய ஸ்குரூ டிரைவரில் கை பழகட்டும்.

கேள்வி (வட கரோலினா வாசகர்): வீட்டுக்காரரின் தாத்தா வைத்திருந்த, குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இட்டு இடிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று சுவரில் தொங்குகிறது. துருவைச் சுரண்ட என்ன கருவி செய்யலாம்?

பதில்: அம்மா, சுரண்டுவது இருக்கட்டும். அதற்கு முன்னால் இன்னொரு கருவி செய்யுங்கள், இன்றைக்கே. ஒரு நீளமான மரக்குச்சி அல்லது பித்தளைக் கம்பி. குழலின் வாய்க்குள் அடிவரை விட்டு, வாயின் விளிம்பு வரும் இடத்தில் கம்பியில் கோடு போடுங்கள். பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேல் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், கோடு வாயின் விளிம்பில் இருக்கட்டும். கம்பியின் முனை மருந்து பற்றும் துளைக்கு அருகே வந்து நின்றால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குப்பையாக இருக்கலாம், நூறு வருஷத்து மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். கரிமருந்து காய்ந்த நிலையில் அத்தனை வருஷம் கழித்தும் வெடிக்கும். தலைமுறை தலைமுறையாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கியில் மருந்து இடித்தபடியே இருப்பது அபூர்வம் அல்ல. அப்படி இருந்தால் நீங்கள் எதையும் தோண்ட வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், தெரிந்த துப்பாக்கிப் பழுதுக்காரரைக் கூப்பிடுங்கள்.

காலி என்று உறுதியான பிறகு, துருவுக்கு மெல்லிய பித்தளைத் தகட்டையோ பழைய செம்பு நாணயத்தையோ விளிம்பு தீட்டி, எண்ணெய் விட்டுச் சுரண்டுங்கள். பித்தளை துருவை எடுக்கும், எஃகைக் கீறாது. உப்புத்தாள் கிட்டவே வரக்கூடாது.

கேள்வி (டொரன்டோ வாசகர்): அண்ணா, பாகங்களை இணைக்கும் சின்ன உலோகப் பின்னை (pin) தட்டி எடுக்கும்போது துப்பாக்கிப் பாகம் மேசையில் ஆடுகிறது, உருளுகிறது. பாகத்தைத் தாங்க இதற்கென்று விற்கும் பெஞ்ச் பிளாக் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, நீங்கள் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வியே வரக்கூடாது. ஒரு ஐஸ் ஹாக்கி பக் வாங்குங்கள். 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், கெட்டியான ரப்பர், துப்பாக்கியின் மெருகைக் கீறாது. நடுவில் ஒரு துளை, சுற்றி வேறுவேறு அளவில் நாலைந்து துளைகள், மேலே குறுக்கே ஒரு வி வடிவப் பள்ளம். வட்டமான பாகம் பள்ளத்தில் உட்காரும், கழன்ற உலோகப் பின் துளை வழியாகக் கீழே விழும். துளை போடும்போது டிரில் சூடாகி ரப்பர் ஒட்டும், மெதுவாகச் சுற்றவிடுங்கள்.

பின்னைத் தட்டித் தள்ளும் பஞ்ச் (punch) கருவியையும் நீங்களே செய்யலாம். பித்தளைக் கம்பியை வேறுவேறு விட்டத்தில் விரல் நீளத்துக்கு வெட்டி முனையைத் தட்டையாக்கினால் போதும். முனை நசுங்கும், நசுங்கட்டும், அரத்தால் மறுபடி நேராக்கிக்கொள்ளலாம். எஃகுப் பஞ்ச் நசுங்காது, அதற்குப் பதில் பின்னின் தலையும் அதன் சுற்றுப்புறமும் நசுங்கும். ஆனால் வெகுநாள் இறுகிப்போன பின்னை முதலில் அசைக்கப் பித்தளை போதாது. அப்போது குட்டையான எஃகுப் பஞ்சால் ஒரே ஒரு உறுதியான அடி கொடுத்து அசைத்துவிட்டு, மிச்சத்துக்குப் பித்தளைக்கு மாறுங்கள். பொதுவாகப் பின்னை இடமிருந்து வலமாகத் தட்டி எடுத்து, வலமிருந்து இடமாகத் திரும்பப் போடுவது வழக்கம், இருந்தாலும் அந்தத் துப்பாக்கியின் வரைபடத்தைப் பார்த்த பிறகே அடியுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): வைஸில் (மேசைப் பிடிகருவியில்) துப்பாக்கிப் பாகத்தைப் பிடித்தால் தடம் விழுகிறது.

பதில்: வைஸின் வாய்க்கு உறை போடுங்கள். அலுமினிய மூலைப்பட்டியை வாயின் நீளத்துக்கு வெட்டி, பின்னால் சின்னக் காந்தம் ஒட்டினால் உலோக வேலைக்கு ஆயிற்று. மரக்கட்டைக்கு, இரண்டு மரத்துண்டில் தடித்த தோலை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் தோலைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் அதில் பதிந்த ஒரே ஒரு அரத்தூள் போதும், தடம் மறுபடி விழ. ஈயத்தகடும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈயமே வேண்டாம்.

கேள்வி (பென்சில்வேனியா வாசகர்): சார், நான் ஒரு கென்டக்கி நீளத் துப்பாக்கி கிட் வாங்கி, லான்காஸ்டர் பாணியில் மேப்பிள் மரக்கட்டையில் பொருத்திக்கொண்டிருக்கிறேன். பூட்டைக் கட்டைக்குள் பதிக்கும் வேலையில் சிக்கிக்கொண்டேன். எங்கே செதுக்குவது என்றே தெரியவில்லை. இன்னொன்று, சுரண்டிகளைச் சமையலறை ஓவனில் பதப்படுத்தினால் ஆபத்தா, அம்மா திட்டுகிறார்கள்.

பதில்: நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள் தங்கச்சி. 18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறிய கொல்லர்கள் வளர்த்த துப்பாக்கி அது. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் போய்ப் பாருங்கள், அங்கே அருங்காட்சியகப் பட்டறையில் இன்றும் அந்தக் காலத்து முறையில் கையாலேயே வேலை செய்கிறார்கள். இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் ஊரில், 1933-ல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இருக்கிறது, உங்களைப் போல வீட்டில் செய்பவர்கள் கூடும் இடம்.

எங்கே செதுக்குவது என்பதைக் கண் சொல்லாது, கரி சொல்லும். மண்ணெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் தகரத்தைக் காட்டிக் கரியைச் சேகரித்து, வாசலினில் குழைத்துக்கொள்ளுங்கள். கண்மை எப்படிச் செய்வார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும், அதேதான். பூட்டின் உலோகத்தில் மிக மெல்லிசாகத் தடவி, கட்டையின் குழிக்குள் வைத்து லேசாகத் தட்டி எடுங்கள். கரி ஒட்டிய இடம்தான் முட்டுகிறது. அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி தடவி, வைத்து, தட்டி, எடுத்து, சீவி, இப்படியே ஒரு பூட்டுக்கு நாள் கணக்கில் போகும். பொறுமை இல்லாமல் ஒரே தடவையில் ஆழமாகச் செதுக்கியவர்களின் துப்பாக்கியில் பூட்டைச் சுற்றி வாய் பிளந்த இடைவெளி தெரியும், அதை எந்தப் பசையும் மறைக்காது.

இதற்கான கருவிகள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பழைய ஆலன் கீயின் முனையைத் தீட்டினால் 2 மி.மீ., 3 மி.மீ. அகலத்தில் குட்டி உளி கிடைத்துவிடும், மூலைகளுக்கு அதைவிட நல்லது கடையில் இல்லை. தேய்ந்த அரத்தின் பற்களை கிரைண்டரில் எடுத்துவிட்டு, முனையை வட்டமாகவும் சதுரமாகவும் தீட்டினால் சுரண்டி. மலிவான அரம் சிலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினம், பழைய நல்ல அரமாகப் பாருங்கள். பல் மருத்துவர்கள் கழித்துப்போடும் கொக்கிகளையும் கேட்டு வாங்குங்கள், குழியின் அடியில் தங்கும் தூளை எடுக்க வசதி.

ஓவன் விஷயத்தில் அம்மா சொல்வதில் பாதி சரி. எண்ணெயில் தோய்த்த எஃகை அப்படியே உள்ளே வைத்தால் வீடு முழுக்கப் புகை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து வைத்தால் சுத்தமான எஃகினால் ஓவனுக்கு ஒன்றும் ஆகாது. பெயின்ட் அடித்தது, முலாம் பூசியது, ஈயம் பட்டது எதுவும் உள்ளே போகவே கூடாது. மரம் சுரண்டும் கருவிக்குக் கூர்மை நிற்க வேண்டும் என்பதால் வெளிர் வைக்கோல் நிறம் போதும், அது 220 முதல் 230 டிகிரி செல்சியஸ், வீட்டு ஓவன் தாராளமாக எட்டும். ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு மணி நேரம். ஓவனின் முள் காட்டுவதும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது, உள்ளேயே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டைக்குக் கடைசியில் லின்சீட் ஆயில் பூசுவீர்கள் அல்லவா, துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் அமுக்கிவிடுங்கள். ஓவனைவிட வீட்டுக்குப் பெரிய ஆபத்து இதுதான்.

கேள்வி (சியாட்டில் வாசகர்): பழைய இரட்டைக்குழல் ஒன்றின் நீலமெருகு போய்விட்டது. உப்புத் தொட்டியில் போட்டு ஒரே நாளில் கருநீலமாக்கலாம் என்கிறார்கள். வீட்டில் தொட்டி செய்ய முடியுமா?

பதில்: உப்புத் தொட்டி வேண்டவே வேண்டாம். அது 140 டிகிரி வாக்கில் கொதிக்கும் கடுங்காரம், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் முகத்தில் தெறிக்கும். அதைவிட முக்கியம், பழைய இரட்டைக்குழல்களில் இரு குழலையும் நடுப்பட்டையோடு ஈயப்பற்றால் இணைத்திருப்பார்கள், கார உப்பு அந்தப் பற்றையே தின்றுவிடும். அதனால்தான் இரட்டைக்குழலுக்குத் துரு மெருகு.

துரு மெருகில் நடப்பது இதுதான்: அமிலக் கரைசலை மெல்லத் தடவினால் எஃகின் மேல் சீரான செந்துரு படரும். அதைச் சுத்தமான கொதிநீரில் போட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். மேலே தளர்ந்திருக்கும் தூளைத் துலக்கி எடுத்தால் அடியில் ஒரு மெல்லிய கருப்புப் படலம் மிஞ்சும். இப்படி ஆறு, ஏழு தடவை. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஆழமாகிக்கொண்டே போகும். கரைசலைக் கடையில் வாங்கிவிடுங்கள், அதை வீட்டில் காய்ச்ச வேண்டாம்.

செய்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, ஈரப்பெட்டி. குழல் நிற்கும் உயரத்துக்கு பிளைவுட்டில் ஒரு ஒடுக்கமான அலமாரி, அடியில் ஒரு தட்டில் தண்ணீர், பக்கத்தில் பழைய வகைக் குண்டு பல்பு, எல்.இ.டி. சூடு தராது. பல்பின் சூட்டில் தண்ணீர் மெல்ல ஆவியாகி, உள்ளே எப்போதும் புழுக்கமாக இருக்கும், துரு சில மணி நேரத்தில் சீராக ஏறும். சொட்டுச் சொட்டாக வியர்க்கும் அளவுக்குப் போகக்கூடாது, போனால் புள்ளி விழும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் இந்தப் பெட்டி இல்லாமல் வேலையே நடக்காது. இரண்டாவது, கொதிநீர்த் தொட்டி. குழலைவிட ஒரு சாண் நீளமாக, எஃகுத் தகட்டில் மடித்துப் பற்றவைத்தது, அடியில் இரண்டு பர்னர் உள்ள கேம்ப் அடுப்பு. காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரின் உப்பு குழலில் வெள்ளைக் கறையாகப் படியும். குழலின் முனைகளில் நீளமான மரக்கட்டைகளைச் செருகினால் கைப்பிடியாகும், விரல் எண்ணெய் எஃகில் படாது. ஆனால் உள்ளே இருக்கும் காற்று சூடாகிக் கட்டையைத் தள்ளும், முனைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

துலக்குவதற்கு மிக மெல்லிய இரும்புப் பஞ்சு, நாலு சுழி ரகம். அதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே தேய்த்தால் வேலை கெட்டது, துரு பிடிக்காமலிருக்க அதில் எண்ணெய் போட்டிருப்பார்கள். அசிட்டோனில் அலசிக் காயவைத்த பிறகே தொடுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் அது என்ன துப்பாக்கி என்று தெரிந்துகொள்ளுங்கள். சேகரிப்பவர்கள் தேடும் துப்பாக்கியாக இருந்தால், தேய்ந்த பழைய மெருகுக்குத்தான் விலை. 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் 70 ஒன்றை ஆசையாகப் புதுசாக்கினால் அதன் மதிப்பைத் தானே கழுவி ஊற்றியது போல. எண்ணெய் தடவி அப்படியே வைப்பதும் ஒரு வேலைதான்.

கேள்வி (டென்வர் வாசகர்): லேத் வைத்திருக்கிறேன். ட்ரில் ராடிலேயே சேம்பர் ரீமர் (குழலில் தோட்டா உட்காரும் அறையைக் குடையும் கருவி) செய்து, குழல் மாற்ற நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். 30-06 தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழுகிறது, உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி. அதைத் தாங்கும் அறையின் அளவை வீட்டில் தீட்டிய கருவியின் நம்பிக்கையில் விடக்கூடாது. உங்கள் மாநிலத்திலேயே டிரினிடாட் ஊரில் இருக்கும் கல்லூரி 1947 முதல் துப்பாக்கித் தொழில் கற்றுத் தருகிறது, உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அங்கே போய் ஆசிரியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): எங்கள் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றும், என் ஏர் ரைஃபிள் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் நானே சர்வீஸ் செய்ய ஆசை. ஊரில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. செய்யலாமா?

பதில்: லைசென்ஸ் துப்பாக்கியை வெளியே துடைத்து, குழலைச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு வையுங்கள், அதோடு நில்லுங்கள். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவில் துப்பாக்கி தயாரிப்பதோடு பழுது பார்ப்பதும் சேர்ந்தே வருகிறது, அதற்குத் தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடையில் கொடுங்கள். லேத் பட்டறைக்காரரிடம் ஒரு பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம். நாட்டுத் துப்பாக்கி செய்யக் கேட்டு வரும் கடிதங்களையும் நான் படிக்கிறேன், பதில் எழுத மாட்டேன்.

ஏர் ரைஃபிள் வேறு. 0.177 அங்குலத் துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ளதற்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஸ்பிரிங் வகையாக இருந்தால் ஒரு கருவி கட்டாயம்: ஸ்பிரிங் அமுக்கி. உள்ளே ஸ்பிரிங் முன்கூட்டியே அழுத்தப்பட்டு உட்கார்ந்திருக்கும், பின்மூடியைக் கையால் கழற்றினால் பாய்ந்து வந்து பல்லைப் பெயர்க்கும். தடித்த பலகை ஒன்றின் ஒரு முனையில் உறுதியான மரத்தடுப்பு, மறு முனையில் இன்னொரு தடுப்பில் நட் பதித்து அதன் வழியே தடித்த மரையாணிக் கம்பி. ரைஃபிளின் குழாயை நடுவில் தோல் பட்டையால் கட்டி, கம்பியால் பின்மூடியைத் தாங்கிப் பிடித்த பிறகு பின்னை எடுங்கள். பிறகு கம்பியை மெதுவாகத் தளர்த்தினால் ஸ்பிரிங் சாதுவாக வெளியே வரும். தளர்த்த வேண்டிய நீளம் எவ்வளவோ அதைவிட நாலு அங்குலம் அதிகமாகக் கம்பி இருக்கட்டும், பாதியில் கம்பி தீர்ந்து ஸ்பிரிங் மிச்சமிருக்கும் நிலைமை வரக்கூடாது.

கேள்வி (ஹூஸ்டன், வேறொரு வாசகர்): கட்டையின் பிடியில், கை வழுக்காமலிருக்க இருக்கும் வைரவெட்டுச் சதுரங்களை மறுபடி வெட்ட வேண்டும். மடியில் வைத்து வெட்டினால் கோடு வளைகிறது.

பதில்: வளையத்தான் செய்யும். கட்டையைப் படுக்கவைத்துத் திருப்பும் தொட்டில் ஒன்று செய்யுங்கள், அரை நாள் வேலை. இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டம் கட்டையைவிட ஒரு அடி நீளம், இரு முனையிலும் செங்குத்தாக ஒரு துண்டு, ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு போல்ட், போல்ட்டின் நுனியில் தோல் ஒட்டிய மரக் குமிழ். கட்டையை இரு குமிழுக்கு நடுவே பிடித்தால் அது அச்சில் சுற்றும், அதை வைஸில் மாட்டிவிட்டால் உங்கள் கை நேராகப் போகும், வளைவுக்கு ஏற்பக் கட்டையை இடது கை திருப்பிக்கொண்டே வரும். புதிதாக வெட்டுபவர் அங்குலத்துக்கு 18 கோட்டில் தொடங்கட்டும், 24 எல்லாம் கண்ணும் மரமும் ஒத்துழைத்தால் பார்க்கலாம். பழைய வெட்டைத் திருத்துவதானால் முதலில் பல் தூரிகையும் டர்பென்டைனும் கொண்டு பள்ளத்தில் இறுகிய அழுக்கைக் கரைத்து எடுங்கள். பாதிக் கட்டைகளில் வெட்டு தேய்ந்திருக்காது, அழுக்கு அடைத்துத்தான் இருக்கும்.

வெட்டும் கருவியின் தலையை மட்டும் வாங்கிவிடுங்கள், அந்த நுண்ணிய பல்லை வீட்டில் சீராக வெட்டுவது கஷ்டம். கைப்பிடியை உங்கள் உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வழிகாட்டிக் கோடுகளை மட்டும் வளையும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, ஒட்டுநாடாவால் பிடித்து வெட்டுங்கள். மீதி எல்லாக் கோடும் அந்த இரண்டைப் பார்த்துத்தான் நடக்கும்.